ஜன்னலோரம் ஒரு ஸ்டூல்

பெங்களூர் மர்பி டவுன் மாதா கோவில் வாசலில் மெழுகு விற்கும் அல்போன்சாவைத் தெரியாதவர்கள் அந்தக் கோவில் பங்கில் அதிகம் பேர் இல்லை. மெழுகுவர்த்தி மட்டுமல்ல, மெழுகில் வார்த்த கை, கால், கண், தலை எல்லாம் அவள் தட்டில் இருக்கும். முட்டி வலிக்காரர் ஒரு காலை வாங்கிப்போய் மாதா பாதத்தில் வைப்பார். கண்ணில் புரை விழுந்தவர் ஒரு ஜோடிக் கண் கேட்பார். "சீக்கிரம் சரியாப் பூடும், போய்ட்டு வாங்க" என்று சொல்லாமல் அவள் எதையும் கையில் கொடுத்ததில்லை. சும்மா தூக்கிக் கொடுத்தால் அது வெறும் மெழுகுதானே என்பாள்.

கொரோனா இரண்டாம் தடவை வந்து ஊரைப் புரட்டிப் போட்டபோது ஜனங்கள் அவளிடம் நெஞ்சு கேட்டார்கள். கோவில் பூட்டிக் கிடந்ததால் வீடு தேடி வந்து கேட்டார்கள். நெஞ்சுக்கு அச்சு கிடையாது. அவளே மெழுகை உருக்கிக் கையால் தட்டித் தட்டி ஏதோ ஓர் உருவம் செய்து கொடுத்தாள். பார்ப்பதற்குப் பேக்கரி பன் மாதிரி இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்தப் பன்னில் ஒன்றைத் தன் புருஷனுக்காகவும் அவள் செய்ய வேண்டி வந்தது.

ஓஸ்வால்ட் எலக்ட்ரீஷியன். திருவிழாத் தேருக்கு சீரியல் லைட் கட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. மூச்சு வாங்குகிறது என்று ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறும்போது திரும்பிப் பார்த்து, "கேஸ் அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டார். அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அவரைச் சேர்த்த பெரிய ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. எதிர்ப்பக்கம் பிளாட்பாரத்தில், பூட்டிக் கிடந்த ஒரு ஜூஸ் கடை முன்னால் அல்போன்சா நின்றாள். உட்கார இடமில்லை. போலீஸ்காரர் போகச் சொன்னால் முனை வரைக்கும் போய்விட்டு மறுபடியும் வந்து நிற்பாள். கட்டடத்தில் மாடி மாடியாக ஜன்னல்கள். எந்த ஜன்னலுக்குப் பின்னால் தன் புருஷன் படுத்திருக்கிறார் என்று தெரியாததால், ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓர் அருள்நிறை மரியே ஜெபம் சொன்னாள். முடிந்ததும் மறுபடியும் கீழிருந்து ஆரம்பித்தாள். வாசலில் வந்த ஓர் ஊழியரிடம் ஜெபமாலையைக் கொடுத்தனுப்பினாள். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.

யாரையும் குற்றம் சொல்ல அவளுக்கு மனசில்லை. அங்கிருந்த டாக்டர்களும் நர்சுகளும் சொந்தப் பிள்ளைகளைப் பார்த்து மாசக்கணக்கானவர்கள் என்று அவளுக்குத் தெரியும். வந்தது யாரும் பார்த்திராத பெருவெள்ளம், வெள்ளத்தில் யார் யாரைப் பிடிப்பது? ஆனாலும் ஒரு முள் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. ஆண்டவர் அழைத்தார், போனார், அது சரி. தெரிந்த முகம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போனாரே.

இப்படிச் சில வருஷம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் உபதேசியார் தியோடர் மைக்கைப் பிடித்து ஓர் அறிவிப்புச் சொன்னார். பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஓர் ஒத்திகை நடக்கப் போகிறது. நோயாளி மாதிரி நடிக்க ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சாயங்காலம் பங்கு ஹாலுக்கு வரலாம்.

ஹாலில் பேச வந்தவர் டாக்டர் கிரண். இளவயசுக்காரர், ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். வார்டுகளில் நோயாளிகளோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர்.

"புளூ காய்ச்சல் எல்லாருக்கும் தெரியும்ல? அது வருஷா வருஷம் சட்டைய மாத்துது. கோழி, வாத்து, காட்டுப் பறவ எல்லாத்துலயும் இருக்கு. ஒரு நாள் புதுச் சட்டையோட மனுஷங்களுக்கு வந்துச்சுன்னா, நம்ம உடம்புக்கு அத அடையாளம் தெரியாது. பறவைக்கு பாஸ்போர்ட் இல்ல, எந்த நாட்டுலயும் ஆரம்பிக்கலாம். அதனால பல நாடு சேந்து இப்பவே ரெடி ஆகுது. ஒரே நாள்ல இங்க, உகாண்டாவுல, ஜகார்த்தாவுல, பாங்காக்குல, எல்லா எடத்துலயும் ஒத்திகை. ஒரு ஊர்ல தப்பு நடந்தா மத்த ஊரு கத்துக்கும்."

"வராத நோவுக்கு இப்பவே படுத்துக்கணுமா டாக்டரே?" என்று கேட்டாள் லவினா. அல்போன்சாவுக்கு அடுத்த வீட்டுக்காரி, சும்மா இருக்கத் தெரியாத வாய்.

"காவேரி தண்ணி வர்ற அன்னிக்கி நீங்க என்ன பண்றீங்க?"

"டிரம்மு, குடம், பக்கெட்டு எல்லாத்தையும் ரொப்பி வைப்போம்."

"ஏன்? நாளைக்கு வராமப் போயிடும்னுதானே? இதுவும் அப்படித்தான். பக்கத்து வீட்டு டிரம் காலியா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு குடம் குடுப்பேன். அவ வந்து எங்க வீட்டு வாசல்லதானே கத்துவா!"

ஹால் முழுக்கச் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். "அதேதான்மா. எங்க நோய் கண்டாலும் அந்த நாடு மறைக்காம சாம்பிள அனுப்பணும். மத்த நாட்டு லேப்ல அதப் பாத்து தடுப்பூசி செய்யணும். செஞ்சத எல்லாருக்கும் பங்கு போடணும்."

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது அல்போன்சாவுக்குப் புதிதில்லை. அவள் கையைத் தூக்கினாள்.

"டாக்டரே, ஒன்னு கேக்கறேன். அந்த மாதிரி வந்தா, உள்ள படுத்திருக்கறவங்கள வூட்டு மனுஷங்க பாக்க வரலாமா?"

டாக்டர் கிரண் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

"அது பிளான்ல இல்லம்மா," என்றார். சொல்லும்போது அவர் குரலும் இறங்கிப்போயிருந்தது.

அல்போன்சா பேர் கொடுத்துவிட்டாள். வெளியே வந்ததும் லவினா பிடித்துக்கொண்டாள். "உனக்கு இன்னாக்கா பைத்தியமா? மறுபடியும் ஆம்புலன்ஸ், வெள்ள டிரெஸ்ஸு... எதுக்கு இந்த பேஜாரு?"

"பிளான்ல இல்லன்னாரு பாத்தியா. வெளிய நின்னு பாத்தவளுக்கு உள்ள எப்படின்னு தெரியாது. ஒரு தடவ உள்ள படுத்துப் பாத்தாத்தானே, இன்னா வேணும்னு கேக்க வாய் வரும்? அடுத்தவங்க வூட்டு மனுஷனாவது முகம் பாத்துப் போகட்டும்."

லவினா அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தாள்.

அல்போன்சாவுக்கு இன்னொரு கவலை. நோயில்லாமல் நோய் என்று சொல்வது பொய்யாகாதா? ஆண்டவர் பெயரைச் சொல்லிச் செய்தால் ஆகாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். உபதேசியாரிடம் போய், "சனிக்கிழம ஒத்திகை நல்லபடியா நடக்கணும்னு பூசையில என் பேருக்கு ஒரு வேண்டுதல் வைங்க" என்றாள். அவரும் சரியென்று தலையாட்டினார். வெள்ளிக்கிழமைச் சாயங்காலப் பூசையில் நோயாளிகளுக்காக ஜெபிப்பது அந்தப் பங்கின் வழக்கம். தியோடருக்கு வேண்டுதல் நினைவிருந்தது, காரணம் மறந்துபோனது. "நோயுற்றிருக்கும் நம் சகோதரி அல்போன்சா, நாளை மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட இருக்கிறார்" என்று உருக்கமாக வாசித்துவிட்டார்.

அல்போன்சா அன்று பூசையில் இல்லை. நடிப்பவர்களை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அன்பியத்தில், அதாவது அந்தத் தெருவுக்காரர்களின் ஜெபக்கூட்டத்தில், எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால், மறுநாள் கஞ்சித் தூக்கோடு எல்லாரும் போய் நிற்க வேண்டும். ஆளுக்கொரு முறை கட்டைவிரலால் நோயாளியின் நெற்றியில் சிலுவை வரைய வேண்டும். மழையோ வெயிலோ சண்டையோ, இதற்கு மட்டும் யாரும் தப்பமாட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் ஒத்திகை ஆரம்பித்தது. கதைப்படி ஹெப்பகோடியில் கோழி வெட்டுகிற கடையில் வேலை செய்யும் ஒருவருக்குப் புதுக் காய்ச்சல். அல்போன்சா அவருடைய சித்தி. ஆம்புலன்ஸ் வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் இறங்கினார்கள். அல்போன்சா இருமிய இருமலில் ஒரு நர்ஸ் பயந்தே போனாள்.

"அம்மா, இவ்ளோ வேணாம். லைட்டா இருமுங்க போதும்."

மூக்கில் குச்சி விடுகிற மாதிரி காட்டி, அந்தக் குச்சியைக் குழாயில் போட்டு, குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து மூடினார்கள். தொட்டவர்கள் எல்லாருக்கும் சட்டையில் சிவப்பு வட்டம் ஒட்டப்படும் என்பது விதி. சிவப்பு ஒட்டினால் நோய் தொற்றிவிட்டது என்று அர்த்தம். காப்பு உடுப்புப் போட்டவர்களுக்கு ஒட்டுவதில்லை. ஒத்திகையைக் கண்காணிக்க வந்த பார்வையாளர் ஒருவர் அந்த வட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அவளைக் கீழ்த்தளத்தில் தனி அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. ஆனால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பெயின்ட். வெளிச்சம் வரும், உருவம் தெரியாது.

நடிப்புதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கதவு சாத்திய சத்தம் நடிப்பில்லை. மெஷின் ஒன்று எங்கோ உறுமிக்கொண்டிருந்தது. வெள்ளை ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். 'இப்படித்தான் கிடந்திருப்பார்' என்ற நினைப்பு வந்ததும் இருமல் வந்தது. அது நடிப்பா நிஜமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதே நேரம், பின்பக்கச் சமையலறை கேட்டில் பெண்கள் கூட்டம் வந்து நின்றது. முன்னால் லவினா, கையில் கஞ்சித் தூக்கு. கூட்டத்தில் பாதிப்பேர் உபதேசியார் சொன்னதை நிஜமென்று நம்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுச் சின்னத்தாயி அல்சூர் கோவில் விபூதியை மடித்து எடுத்து வந்திருந்தாள்.

கேட்டில் செக்யூரிட்டி ஆதிகேசவன், நீலசந்திராக்காரர். முன்வாசலில் ஒருவரையும் விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சமையலறை கேட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கம்மா கும்பலா?"

"அல்போன்சாக்காவுக்கு கஞ்சி."

"இன்னிக்கி ஏதோ டிராமான்னாங்களே?"

"டிராமாவாவே இருக்கட்டுமே. டிராமால படுத்தவளுக்கு பசிக்காதா? காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடுத்தாங்களோ இல்லியோ," என்றாள் லவினா.

ஆதிகேசவன் யோசித்தார். கஞ்சி கொண்டுவருபவர்களை நிறுத்திய பாவத்தை யார் சுமப்பது? "சீக்கிரமா போய்ட்டு வந்துடுங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

கதவு திறந்து வரிசையாக முகங்கள் தெரிந்தபோது அல்போன்சாவுக்கு ஒரு கணம் ஒத்திகையே மறந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். உடனே நினைவு வந்து, "ஐயையோ, வராதீங்க! தொடாதீங்க!" என்று கத்தினாள். யார் கேட்டார்கள்? ஒருத்தி நெற்றியில் சிலுவை போட்டாள், இன்னொருத்தி காலைத் தடவினாள். சின்னத்தாயி சிலுவை போட்ட இடத்திலேயே விபூதியும் பூசினாள். லவினா கஞ்சியை ஸ்பூனால் கிண்டி ஊட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

"நடிப்பு நல்லாத்தான் வருதுக்கா உனக்கு. முகமே வாடிப் போச்சு."

பார்வையாளர் ஓடிவந்தார். ஒவ்வொருத்தி தோளிலும் சிவப்பு வட்டத்தை ஒட்டினார். "இது இன்னாபா, நெத்திக்குப் பொட்டு மாதிரி நல்லாத்தான் கீது" என்றாள் லவினா. ஆனால் பின்னாலேயே வந்த டாக்டர் கிரணின் முகத்தைப் பார்த்ததும் அவளும் அடங்கினாள்.

"ஆயித்து," என்றார் அவர். "முடிஞ்சு போச்சு."

பிறகு வரிசையாகக் கேட்டார்கள். எந்த பஸ்ஸில் வந்தீர்கள், இனி எங்கே போவீர்கள், யாரைப் பார்ப்பீர்கள்? ஒருத்தி ரேஷன் கடைக்கு, ஒருத்தி பள்ளிக்கூடத்தில் சத்துணவு பரிமாற, ஒருத்தி சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு. சுவரில் மாட்டியிருந்த பெங்களூர் வரைபடத்தில் சிவப்பு வட்டங்கள் வேர்க்குரு மாதிரி பரவின. சின்னத்தாயி மட்டும் தனக்கு நிஜமாகவே நோய் தொற்றிவிட்டது என்று அழ ஆரம்பித்தாள். அல்போன்சாதான் கட்டிலிலிருந்து இறங்கிவந்து அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

மத்தியானம் கூட்டம். பெரிய திரையில் மற்ற ஊர்க்காரர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். அல்போன்சா கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் மாற்றி வாசித்த தன் வேண்டுதல்தானே எல்லாவற்றையும் கெடுத்தது. இந்த டாக்டர் பிள்ளை எத்தனை மாசமாக உழைத்தாரோ, உலகமே பார்க்கிற இடத்தில் தலைகுனிய வைத்துவிட்டோமே. இனிமேல் இவரிடம் எந்த வாயால் ஒன்றைக் கேட்பது? 'மாதாவே, கேட்க வந்தேன், கெடுத்துட்டேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் கிரண் நடந்ததை மறைக்காமல் சொன்னார். கேட், கஞ்சி, சிலுவை, விபூதி, பஸ், எல்லாம்.

சொல்லி முடித்ததும் திரையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கேலிச் சிரிப்பில்லை, சொந்தக்காரி வீட்டில் கேட்கிற சிரிப்பு. உகாண்டாவிலிருந்து அகெல்லோ என்ற நர்சம்மா. நல்ல பருமன், கழுத்தில் சின்னச் சிலுவை. அவர் சொல்லச் சொல்ல டாக்டர் கிரண் தமிழில் சொன்னார்.

"அவங்க ஊர்லயும் இன்னிக்கி இதேதான் நடந்துச்சாம்! நோயாளியோட அக்கா தங்கச்சிங்க வாழக்காய வேக வச்சி மசிச்சி, இலையில கட்டி எடுத்துட்டு, பின்பக்க வேலியத் தாண்டி வந்துட்டாங்களாம்."

ஜகார்த்தா டாக்டரும் கையைத் தூக்கினார். அங்கே ஒரு தெருவே திரண்டு வந்து அறை வாசலில் உட்கார்ந்து குரான் ஓதியதாம். திரை முழுக்கச் சிரிப்பு. அல்போன்சா தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

அகெல்லோ சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசினார். அவர் ஊரில் முன்பு வேறொரு கொடிய நோய் வந்த காலம். உள்ளே போனவர்களை மறுபடி பார்க்க முடியாது என்ற பயத்தில் ஜனங்கள் நோயாளிகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தார்களாம். ஒளித்த வீட்டிலெல்லாம் நோய் பரவியது. பிறகு அவர் வேலை செய்த வார்டில் துணித்தடுப்பை எடுத்துவிட்டு, கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக்கில் சுவர் வைத்தார்கள். இந்தப் பக்கம் குடும்பம், அந்தப் பக்கம் நோயாளி. தொட முடியாது, ஆனால் முகம் தெரியும். அதற்கப்புறம் ஜனங்கள் ஒளிப்பதை விட்டார்கள். காய்ச்சல் கண்ட அன்றே தாங்களாக வந்தார்கள்.

இதைத் தமிழில் சொல்லி முடித்த டாக்டர் கிரண் தானும் ஒன்று சேர்த்துக்கொண்டார். "நாடுகளும் அப்படித்தான் போல. தனியா ஒதுக்கிடுவாங்கன்னு பயந்தா நோய மறைக்கும். கூட இருப்பாங்கன்னு தெரிஞ்சா மொத நாளே சொல்லிடும்," என்றார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். "அல்போன்சாம்மா, அன்னிக்கி ஹால்ல ஒன்னு கேட்டீங்களே. நான் பதில் சொல்லல. எல்லார் முன்னாடியும் மறுபடி கேளுங்க."

அல்போன்சா எழுந்தாள். முன்னால் இருப்பவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள், அவள் நாலாங்கிளாஸ். மாதாவை ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"எங்க வூட்டுக்காரரு கொரோனாவுல பூட்டாரு. நான் எதிர் பிளாட்பாரத்துல நின்னேன். எந்த ஜன்னல்னு தெரியல. அவருக்கும் நான் நிக்கறது தெரியல. உள்ள வுடக்கூடாதுன்னா சரி, வுடவேணாம். நாங்க வந்தா இன்னா ஆகும்னு அந்த மேப்புலயே பாத்தனே. ஆனா எந்த ஜன்னல்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் கண்ணாடியில பெயின்ட் அடிக்காதீங்க. அப்பறம்..." அவள் தயங்கினாள். "ஒரு ஸ்டூல் போடுங்க. நின்னு நின்னு காலு வீங்கிடும். வயசானவங்க எப்படி நிப்பாங்க?"

டாக்டர் அதை இங்கிலீஷில் சொன்னார். திரையில் அகெல்லோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாங்க?" என்று கேட்டாள் அல்போன்சா.

"சுவர் வச்சாங்களாம், ஆனா உக்கார ஒன்னும் போடலியாம். ஜனங்க மண்ணுலதான் உக்காந்தாங்களாம். 'எங்களுக்கும் ஸ்டூல் வேணும்'ங்கறாங்க."

பாங்காக்கிலிருந்து ஒருவர், கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் பேச எளிதான ஸ்பீக்கர் தாங்கள் செய்து வைத்திருப்பதாகவும், அதன் வரைபடத்தை எல்லாருக்கும் அனுப்புவதாகவும் சொன்னார். லவினா அல்போன்சாவின் இடுப்பில் இடித்தாள். "பாத்தியா, என் கஞ்சி பாங்காக் வரைக்கும் பூடுச்சு."

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்த அறை ஜன்னலின் பெயின்ட் போனது. ஆள் வைத்துச் சுரண்டுவதாகத்தான் டாக்டர் சொன்னார். அல்போன்சாவுக்குப் பொறுக்கவில்லை. மெழுகு சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு அவளே போய்விட்டாள். லவினா ஈரப் பேப்பரால் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்ணாடிக்கு வெளியே சின்னத் தாழ்வாரம். சமையலறை கேட்டிலிருந்து அங்கே போகத் தனியாக ஒரு வழி கட்டினார்கள். ஸ்பீக்கர் வந்தது. ஆஸ்பத்திரி கார்ப்பென்டர் ஷெட்டிலிருந்து ஒரு மர ஸ்டூலும் வந்தது.

இரண்டாம் ஒத்திகையில் நோயாளி லவினா. "நீ படுத்தா நான் படுக்கக்கூடாதா?" என்று அடம்பிடித்துப் பேர் கொடுத்திருந்தாள். இந்தத் தடவை உபதேசியார், "இது ஒத்திகை, ஒத்திகை, ஒத்திகை" என்று பூசையில் அடித்துச் சொன்னார். அப்படியும் அன்பியம் முழுக்கக் கஞ்சித் தூக்கோடு கிளம்பியது.

கேட்டில் ஆதிகேசவன் கையை விரித்து நின்றார். "மாஸ்க் போடுங்கம்மா மொதல்ல. கஞ்சிய இந்த மேசையில வைங்க, நர்ஸ் எடுத்துட்டுப் போவாங்க. நீங்க கதவுப் பக்கம் போகக்கூடாது. இந்த வழி. ஒருத்தர் ஒருத்தரா. நகருங்க, நகருங்க!" போன தடவை வாங்கிய திட்டையெல்லாம் அவர் இப்போது அதிகாரமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் ஆளாக அல்போன்சா போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லவினா கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"அக்கா, கேக்குதா?"

"நல்லா கேக்குது. உன் வாய் கண்ணாடியத் தாண்டியும் வருது."

"கஞ்சியில உப்பு போட்டியா?"

"போட்டேன். உனக்கு இன்னா பண்ணுது?"

"ஒன்னும் பண்ணல. ஆனா..." லவினா மேலே கூரையைப் பார்த்துவிட்டு மறுபடி அவளைப் பார்த்தாள். எப்போதும் இருக்கும் கேலி அவள் குரலில் இல்லை. "கதவ சாத்தனப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா. உன் முகத்தப் பாத்ததும் சரியாப் பூடுச்சு."

அல்போன்சா ஸ்டூலிலிருந்து முன்னால் சாய்ந்தாள். கட்டைவிரலால் கண்ணாடியில், லவினாவின் நெற்றி தெரிகிற இடத்தில், ஒரு சிலுவை போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அதே இடத்தில் போட்டார்கள். சின்னத்தாயி கண்ணாடியில் விபூதி பூசினாள். பார்வையாளர் சிவப்பு வட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி ஆள் போகும் வரை தாழ்வாரத்தில் நடந்தார். ஒன்றைக்கூட ஒட்ட வேலை வரவில்லை.

மத்தியானக் கூட்டத்தில் டாக்டர் கிரண் அந்தக் கண்ணாடியின் படத்தைத் திரையில் காட்டினார், விரல் தடங்களும் விபூதியுமாக. அகெல்லோ தன் கேமராவைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். அவர் வார்டில், கண்ணாடி பிளாஸ்டிக் சுவர் ஓரமாக, நீல பெயின்ட் அடித்த ஸ்டூல் ஒன்று இருந்தது. அதில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து கையை ஆட்டினாள். யாரென்று தெரியாது. அல்போன்சாவும் ஆட்டினாள்.

எல்லாரும் கலைந்த பிறகு அவள் தாழ்வாரத்துக்குத் திரும்பி வந்தாள். லவினாவை எழுப்பி அனுப்பிவிட்டார்கள், கட்டில் காலியாக இருந்தது. வெள்ளை விரிப்பின் மேல் சாயங்கால வெயில் விழுந்திருந்தது. இந்தக் கட்டிலில் யாரும் படுக்க வேண்டி வராமலே போகட்டும், ஆண்டவரே. வந்தால், இங்கே யாராவது உட்கார்ந்திருக்கட்டும்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஓஸ்வால்டுக்காக ஓர் அருள்நிறை மரியே சொன்னாள். ஒரே ஒரு ஜன்னலைப் பார்த்து, ஒரே ஒரு தடவை.

"அக்கா, மழ வர்றா மாதிரி கீது," என்றார் கேட்டிலிருந்து வந்த ஆதிகேசவன். "ஸ்டூல உள்ள எடுத்து வெச்சிடட்டா?"

"வேணாம்பா," என்று எழுந்தாள் அல்போன்சா. "செவுரோரமா தள்ளி வை, நனையாது. அது அங்கயே இருக்கட்டும்."